கல்லூரி பேஸ்பால் அணியோடு டொமினிக்கன் குடியரசுக்கு மிஷன் பயணம்: மகனை அனுப்பும் முன் என்ன கேட்க வேண்டும்?

ஒஹாயோ அம்மா

எல்லாருக்கும் வணக்கம். ஊழியம், விளையாட்டு இரண்டும் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

மகன் இங்கே ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பேஸ்பால் அணியில் கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன். ஜனவரியில், சீசன் தொடங்கும் முன்னால், அணி மொத்தமும் டொமினிக்கன் குடியரசுக்கு ஒரு வாரம் போகிறது. சான் பெத்ரோ தெ மகோரிஸ் பக்கத்துக் கரும்புத் தோட்டக் குடியிருப்புகளில் காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம். மத்தியானம் உள்ளூர் அணிகளோடு ஆட்டம். சாயங்காலம் அங்குள்ள சபையில் பாட்டு, சாட்சி. செலவுக்கு ஒவ்வொரு பையனும் சொந்தக்காரருக்கும் சபையாருக்கும் கடிதம் எழுதி ஆதரவு திரட்ட வேண்டும் என்று கோச் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் நாசரேத் பக்கத்து சிஎஸ்ஐ குடும்பம். மாமியாரின் தகப்பனார் உபதேசியார். ஊழியம் என்றால் எங்கள் வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டோம். ஆனாலும் வீட்டுக்காரர் கேட்கிறார்: "விமானச் செலவையும் தங்கும் செலவையும் கூட்டினால் அந்த ஊரில் ஒரு கோச்சுக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம்? அந்தப் பணத்தை அப்படியே அனுப்பிவிட்டால் என்ன?" மகனோ, "அப்பா, நான் போய் அந்தப் பிள்ளைகளோடு நிற்கணும்" என்கிறான். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகப்படுகிறது.

ஸ்பானிஷ் தெரியாத இருபது வயதுப் பையன்கள் ஒரு வாரம் போய் நின்றால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? கடிதத்தைச் சொந்தக்காரருக்கு அனுப்பும் முன் இதற்கு எனக்கு ஒரு பதில் வேண்டும்.

மலைச்சாரல்

அக்கா, அனுப்புங்கள். கோடை விடுமுறையில் எங்கள் ஊருக்கு விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்த வந்த அண்ணன்மாரும் அக்காமாரும் பத்து நாள்தான் இருந்தார்கள். அவர்கள் சொல்லித்தந்த பாட்டு இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். வெளியிலிருந்து ஒருவர் நமக்காக வந்தார் என்பதே ஒரு பிள்ளைக்குப் பெரிய விஷயம். மகன் மனசை உடைக்காதீர்கள்.

தெற்குவாசல்

நான் இந்தப் பயணங்களை ஏற்கவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

டொமினிக்கன் குடியரசின் கொடியைப் பாருங்கள். நடுவில் உள்ள சின்னத்தில் திறந்த வேதாகமமும் சிலுவையும் இருக்கின்றன. அமெரிக்கக் கண்டங்களின் முதல் கதீட்ரல் சாந்தோ தொமிங்கோவில்தான் இருக்கிறது. ஐந்நூறு வருடமாகக் கிறிஸ்தவம் வேரோடிய நாட்டுக்கு, ஒஹாயோவிலிருந்து இருபது பையன்கள் பேட்டைத் தூக்கிக்கொண்டு போய் யாருக்குச் சுவிசேஷம் சொல்கிறார்கள்? கத்தோலிக்கப் பிள்ளையை இன்னொரு சபைக்கு இழுப்பதுதான் வேலை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும்.

அதைவிட எனக்கு உறுத்துவது, பந்தைக் காட்டிக் கூப்பிடுவது. ஆசையோடு ஆட வந்த பிள்ளையை மைதானத்தில் உட்கார வைத்துப் பிரசங்கம் செய்தால் எழுந்துபோக அதற்கு வழியில்லை. பெரியவர்களிடம் பேசுங்கள், வாதாடுங்கள், அது உங்கள் உரிமை. பத்து வயதுப் பிள்ளையிடம் கையுறையைக் கொடுத்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லாதீர்கள்.

கரீபியன் காற்று

ஒஹாயோ அம்மா, வேலை நிமித்தம் குடும்பத்தோடு சாந்தோ தொமிங்கோவில் சில வருடங்கள் இருந்தோம். நீங்கள் சொல்லும் சான் பெத்ரோ பக்கம் நிறையச் சுற்றியிருக்கிறேன். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம். அங்கே போய்ப் பேஸ்பால் சொல்லித்தரப் போகிறோம் என்ற நினைப்பு பையன்களுக்கு வரவே கூடாது. அமெரிக்காவின் உச்சப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் சீசனின் தொடக்க நாள் பட்டியலில் இருக்கும் ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் டொமினிக்கன்காரர். நாட்டின் ஜனத்தொகையோ ஒரு கோடிக்குச் சற்று மேல்தான். 30 மேஜர் லீக் கிளப்புகளும் அந்தத் தீவில் பயிற்சி அகாடமி வைத்திருக்கின்றன. சாமி சோசா, ராபின்சன் கனோ இரண்டு பேரும் இதே சான் பெத்ரோ ஊர்க்காரர்கள். தெருவில் 'விட்டிய்யா' என்று ஒரு ஆட்டம் உண்டு. பெரிய தண்ணீர் கேனின் பிளாஸ்டிக் மூடிதான் பந்து, துடைப்பக் கட்டைதான் பேட். அந்த மூடி காற்றில் எங்கே திரும்பும், எப்போது விழும் என்று சொல்லவே முடியாது. அதை அடித்துப் பழகிய எட்டு வயதுப் பையனின் கண்ணும் கையும் உங்கள் கல்லூரிப் பையன்களையே நிமிர்ந்து பார்க்க வைக்கும்.

அந்த ஊருக்கு எப்படி இத்தனை பேஸ்பால் வந்தது? கரும்பால்தான். 1868இல் கியூபாவில் ஸ்பெயினுக்கு எதிராகப் பத்தாண்டுப் போர் தொடங்கியபோது ஓடிவந்த கியூபாக்காரர்கள் சர்க்கரை ஆலைத் தொழிலைக் கொண்டுவந்தார்கள், கூடவே பேஸ்பாலையும். பிறகு வெட்டுக்கூலிக்கு ஆங்கிலம் பேசும் சிறு தீவுகளிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் வந்தார்கள். 'கோகோலோ' என்று அவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஆடியது கிரிக்கெட்! அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் பேட்டை மாற்றிப் பிடித்து பேஸ்பால்காரர்கள் ஆனார்கள். சான் பெத்ரோவில் புராட்டஸ்தாந்து சபைகள் இருப்பதற்கும் அவர்கள் பெரிய காரணம். ஆகவே உங்கள் மகன் போகும் சபை நேற்று முளைத்தது என்று நினைக்க வேண்டாம். அதற்கு நீண்ட சரித்திரம் இருக்கலாம், கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அவர்களுக்குப் பின்னால் கரும்பு வெட்டியவர்கள் பெரும்பாலும் அதே தீவில் உள்ள பக்கத்து நாடான ஹைத்தியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தங்கிய லயங்களுக்குத்தான் 'பத்தேய்' என்று பெயர். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போய், பிறகு குடியுரிமை இழந்த நம் மலையகத் தமிழரின் கதை தெரிந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2013இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 1929க்குப் பிறகு, உரிய குடியேற்ற ஆவணம் இல்லாத பெற்றோருக்கு அங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று. மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஒரே நாளில் நாடற்றவர் ஆனார்கள். 2014இல் ஒரு சட்டம் போட்டுக் கொஞ்சம் பேருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். நிறையப் பேர் இன்னும் தவிக்கிறார்கள். 2024 அக்டோபரில், வாரத்துக்குப் பத்தாயிரம் பேர்வரை ஹைத்திக்குத் திருப்பி அனுப்புவோம் என்று அரசே அறிவித்தது. குடியேற்ற அதிகாரிகளின் வண்டி வந்தால் பத்தேயில் ஆண்கள் கரும்புக்குள் ஓடுவார்கள். ஜனவரி கரும்பு வெட்டுக் காலம் வேறு. பயிற்சி முகாமில் அப்பாக்கள் யாரும் வந்து நிற்கவில்லையே என்று உங்கள் மகன் கேட்டால் காரணம் இதுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பதினாறு வயதில் ஒரு பையன் மேஜர் லீக் கிளப்போடு ஒப்பந்தம் போடலாம். அதற்காகப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு 'பூஸ்கோன்' என்ற தனியார் பயிற்சியாளர்களிடம் போய்ச் சேருகிறவர்கள் ஏராளம். பையனுக்குக் கிடைக்கும் போனஸில் அவர்களுக்குப் பெரிய பங்கு. ஒப்பந்தம் கிடைக்கிறவர்கள் கொஞ்சம், அதிலும் மேஜர் லீக் மைதானத்தில் கால் வைக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம். மீதிப் பேருக்குப் படிப்பும் போய், ஆட்டமும் போய்விடும். பத்தேய்ப் பையனுக்கு இன்னொரு சுவர் உண்டு. பிறப்புச் சான்று இல்லாமல் எந்தக் கிளப்பும் தொடாது.

அந்த மண்ணில் கல்லூரி ஜெர்சி போட்ட அமெரிக்கப் பையன்கள் வந்து இறங்கினால் அம்மாக்கள் என்ன நினைப்பார்கள்? ஆள் எடுக்க வந்திருக்கிறார்கள் என்றுதான். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தாய் பையனுக்கு இருக்கிற நல்ல சட்டையைப் போட்டு, தலைசீவி, பந்து எறிவதைப் பார்க்கச் சொல்லி, வந்திருந்த அணியின் கோச் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கோச்சுக்கு ஸ்பானிஷ் தெரியாது. சிரித்து, பையன் தோளில் தட்டிக்கொடுத்தார். அதை அந்தத் தாய் என்னவாக எடுத்துக்கொண்டார் என்று அந்தக் கோச்சுக்குக் கடைசிவரை தெரியாது.

ஆகவே உங்கள் மகனின் கோச்சிடம் சொல்லுங்கள். வேகம் அளக்கும் ரேடார் கன்னை எடுத்துப் போக வேண்டாம். அறுபது யார்டு ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச் வேண்டாம். ஆள் எடுக்க வருகிறவர்கள் கையில் இருப்பவை அவைதான். நாங்கள் யாரையும் தேர்வு செய்ய வரவில்லை என்று முதல் நாளே உள்ளூர்க்காரர் ஒருவர் வாயால், ஸ்பானிஷிலும் ஹைத்தியர் பேசும் கிரேயோலிலும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இந்த முகாம்களில் பெண் பிள்ளைகள் கம்பி வேலிக்கு வெளியே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நாட்டுப் பெண்கள் வாலிபால் அணி உலகத் தரத்து அணி. ஒரு வலையும் இரண்டு வாலிபாலும் எடுத்துப்போனால் பாதிப் பிள்ளைகள் கூடுதலாக ஆடுவார்கள்.

ஒஹாயோ அம்மா

கரீபியன் காற்று அண்ணா, இதை மகனையும் கூட உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். ஆள் எடுக்க வந்ததாக நினைப்பார்கள் என்ற இடத்தில் அவன் முகம் மாறிவிட்டது. "அம்மா, எங்கள் சாமான் லிஸ்டிலேயே ரேடார் கன் இருக்கு" என்றான்.

நந்தனம் பழைய மாணவன்

தங்கச்சி, நான் சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) உடற்கல்விக் கல்லூரியில் படித்து, பிடி மாஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியை இந்தத் துறையின் பழைய கதையிலிருந்து பார்க்க ஆசைப்படுகிறேன்.

கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித் இறையியல் படித்தவர். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்எம்சிஏ பயிற்சிக் கல்லூரியில் அந்த ஆட்டம் பிறந்தது. 1895இல் வாலிபாலும் அதே மாநிலத்தின் ஹோலியோக் ஒய்எம்சிஏவில் பிறந்தது. இரண்டையும் உலகமெங்கும் தூக்கிப் போனவர்களில் முதல் வரிசை மிஷனரிகள். நம் தெருக்களில் இன்று ஆடும் வாலிபால் அந்த வழியாக வந்ததுதான். இலங்கையில் அதுதான் தேசிய விளையாட்டு. விளையாட்டும் மிஷனும் சேர்ந்து நல்லது நடக்காது என்று தெற்குவாசல் நினைத்தால், என் வாழ்க்கையே அதற்குப் பதில்.

ஆனால் அது எப்படி நடந்தது என்று பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1919இல் சென்னைக்கு வந்தார். 1920இல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவர் அவர். 1943இல் இதே சென்னையில் காலமானார். வந்தவர் திரும்பவே இல்லை. அவர் தொடங்கிய பள்ளி உண்டாக்கியது ஆட்டக்காரர்களை மட்டும் இல்லை, ஆசிரியர்களை. நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் முப்பது வருடம் பிள்ளைகளோடு வெயிலில் நின்றோம். எங்களில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் உண்டு.

இன்னொரு உண்மையை யாரும் சொல்வதில்லை. பக் வந்தபோது இந்திய ஒய்எம்சிஏவின் தேசியப் பொதுச் செயலாளர் யார் தெரியுமா? சேலத்தில் பிறந்த கே.டி. பால். 1916இல் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலத்தில், ஒரு அமெரிக்கர் ஒரு தமிழர் தலைமையில் இருந்த அமைப்பில் வேலை பார்த்தார். உங்கள் மகனின் அணி அங்கே யார் சொல்படி நடக்கப் போகிறது? அமெரிக்கக் கோச் சொல்படியா, அந்த ஊர்ச் சபை மூப்பர், ஊர்க் கோச் சொல்படியா? நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

கல்லூரி அணி மொத்தமாகக் கிளம்பிப் போவதற்கும் ஒரு ஆரம்பம் உண்டு. இந்தியானாவின் டெய்லர் பல்கலைக்கழகக் கூடைப்பந்து கோச் டான் ஓடில் 1952இல் ஒரு அணியைத் தைவானுக்கு அழைத்துப் போனார். ஊர் ஊராக ஆட்டம், இடைவேளையில் பிரசங்கம். கூட்டம் அள்ளியது. இன்றைய பயணங்கள் எல்லாம் அந்த அச்சில் வார்த்தவை. அந்த அச்சு மேடைக்கும் கூட்டத்துக்கும் சரி. பிள்ளைகளுக்குப் பயிற்சி தர அது சரிவராது. பயிற்சி என்பது இன்று சொல்லி, நாளை திருத்தி, அடுத்த மாதம் பழையபடி தப்பாகச் செய்வதைப் பார்த்து மறுபடி திருத்துவது. ஒரு வாரத்தில் ஒரு பையனின் எறியும் கையை மாற்றப் போனால் கெடுத்துவிட்டுத்தான் வருவீர்கள்.

ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெலையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதே 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டரை விட்டுவிட்டு 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். மறு வருடமே சீனாவுக்குப் போய்த் தியான்ஜினில் பள்ளி ஆசிரியரானார். போர்க் காலத்தில் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஆட்டங்கள் நடத்தினார். ஞாயிறு ஆட்டம் கூடாது என்றவர், கண்காணிக்க ஆள் இல்லாமல் பிள்ளைகள் சண்டை போடுவதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையும் நடுவராக வந்து நின்றார். 100 மீட்டர் ஓட்டத்தையே விட்டுக்கொடுத்துக் காத்த கொள்கையை அந்தப் பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார். 1945இல் அந்த முகாமிலேயே இறந்தார். பிள்ளைகளுக்கு எது தேவை என்று பக்கத்தில் இருந்தவருக்குத்தான் தெரிந்தது.

ஒரு வாரம் போகிறவர்கள் எல்லாரும் பக் ஆக முடியாது, லிடெல் ஆகவும் முடியாது. அது அவர்கள் குற்றம் இல்லை. ஆனால் அங்கேயே இருக்கிற ஒருவர் இருப்பார். தினமும் பிள்ளைகளைக் கூட்டி ஆட வைக்கும் ஊர்க்காரர். அந்த வாரம் முழுக்க உங்கள் பையன்கள் அவருக்குக் கையாளாக நிற்கட்டும். அவர் சொல்லும் டிரில்லை எடுக்கட்டும். அவர் பந்து பொறுக்கச் சொன்னால் பொறுக்கட்டும். பிள்ளைகள் கண்ணுக்கு அவர் பெரியவராகத் தெரிய வேண்டும். அப்படி நடந்தால் பயணம் வீண் இல்லை.

அக்கரைப்பேட்டைக்காரன்

நான் மறுபக்கம் நின்றவன். அதனால் சொல்கிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தற்காலிகக் குடியிருப்பில் இருந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். வெளிநாட்டிலிருந்து குழுக்கள் வரும், போகும். ஒரு குழு கால்பந்தோடு வந்தது. உயரமான அண்ணன்மார். அவர்கள் இருந்த நாட்களில் நான் கடலை நினைக்கவே இல்லை, அது சத்தியம். மலைச்சாரல் அக்கா சொல்வது அதனால் எனக்குப் புரியும். அவர்கள் முகத்தை இன்றும் மறக்கவில்லை.

அவர்கள் போன பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு அண்ணன் மறுபடி வருவேன் என்று என்னிடம் சொன்னார். அப்போதே அண்ணனைக் கடலுக்குக் கொடுத்த பையன் நான். பஸ் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அவர் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார். பிரியும்போது வாய்க்கு வந்த அன்பான வார்த்தை அது. எனக்கு அது வாக்கு.

பந்து பஞ்சர் ஆனபோது ஒட்டிக்கொடுத்தவர் எங்கள் பள்ளிப் பிடி சார். வெளிநாட்டுக் குழு போட்டோவில் அவர் இல்லை. இருக்கும்போதும் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நந்தனம் ஐயா எழுதியதைப் படித்ததும் அவர் நினைவுதான் வந்தது.

அக்கா, உங்கள் மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். திரும்பி வருவது உறுதி என்றால் மட்டும் வருவேன் என்று சொல்லட்டும்.

குழந்தை நலப் பணியாளர்

இந்தத் துறையில் வேலை பார்ப்பதால் கல்லூரியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். போகும் ஒவ்வொரு மாணவனுக்கும், கோச்சுக்கும், கூட வரும் பெற்றோருக்கும் பின்னணிச் சோதனை முடிந்திருக்கிறதா? பெரியவர் யாரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக்கூடாது என்ற விதி உண்டா, அதை யார் கண்காணிப்பார்கள்? ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால், அந்த நாட்டில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பையன்களுக்குத் தெரியுமா?

படம் எடுப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்தேய்ப் பிள்ளைகளின் குடும்பத்துக்கு ஆவணப் பிரச்சினை இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறார்கள். முகத்தோடும் ஊர்ப் பெயரோடும் ஒரு படம் இன்ஸ்டாகிராமில் போனால், இருக்கும் இடத்தை வெளியே காட்டிக் கொடுத்ததாகிவிடும். நிதி திரட்டும் கடிதத்துக்கும் நன்றிக் கடிதத்துக்கும் பிள்ளைகள் படம் வேண்டவே வேண்டாம். மைதானத்தின் படம் போதும்.

அனாதை இல்லத்துக்கு அரை நாள் 'விசிட்' திட்டத்தில் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். வெளிநாட்டவர் வந்து பார்த்துக் காசு தருவதற்காகவே, பெற்றோர் உள்ள பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்கும் வியாபாரம் பல நாடுகளில் நடக்கிறது. ஆஸ்திரேலியா 2018இல் தன் நவீன அடிமைமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்த சமயத்தில் இதை ஆள்கடத்தலின் ஒரு வடிவமாகவே பேசியது.

பாளை ஜெபக்குழு

தெற்குவாசல் சகோதரருக்கு ஒரு பதில். விசுவாசத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போனால் அது மிஷன் பயணம் இல்லை, சுற்றுலா. பையன் எதற்காக வந்தான் என்று பிள்ளைகள் கேட்டால் அவன் இயேசுவைச் சொல்லத்தான் செய்வான். அதை மறைப்பதுதான் ஏமாற்று. பிள்ளைகள் என்பதால் நல்ல செய்தியை மறுப்பது எந்த நியாயம்? நம்மில் பலர் ஞாயிறு பள்ளியில்தானே விசுவாசத்துக்கு வந்தோம்.

தெற்குவாசல்

ஞாயிறு பள்ளிக்கு நம் அப்பா அம்மா நம்மை அனுப்பினார்கள். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. அந்தத் தாய் அனுப்பியது பேஸ்பால் ஆட. கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்வதை நான் தடுக்கவில்லை. கேட்காத நூறு பிள்ளைகளை உட்காரவைத்து, கை தூக்கச் சொல்லி, இத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று நிதி கொடுத்தவர்களுக்குக் கணக்கு அனுப்புவதைத்தான் சொல்கிறேன்.

மைக்கேல்பட்டி

நான் கத்தோலிக்கன். தெற்குவாசலின் கொடி வாதத்தில் பாதிதான் ஏற்கிறேன். நாடு கிறிஸ்தவ நாடு என்பதால் அங்கே சொல்ல எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. 1511 டிசம்பரில் அதே சாந்தோ தொமிங்கோவில் அந்தோனியோ தெ மொன்தெசினோஸ் என்ற, புனித தொமினிக்கின் துறவற சபையைச் சேர்ந்த துறவி பிரசங்க மேடையில் ஏறினார். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் ஸ்பானிய எஜமானர்கள். தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்களை வதைக்கும் நீங்கள் சாவான பாவத்தில் இருக்கிறீர்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். ஆளுநர் முதல் அத்தனை பேரும் கொதித்தார்கள். அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்துப் போனால், அதையே இன்னும் உரக்கச் சொன்னார்.

அந்தத் தீவில் சுவிசேஷம் அதிகாரத்தை நோக்கிப் பேசிய நாள் அது. இன்று அதே தீவில் கரும்பு வெட்டுகிறவனுக்குக் குடியுரிமை இல்லை. அங்கே போகிற கிறிஸ்தவ மாணவர்கள் திரும்பி வந்து தங்கள் சபையிலும் கல்லூரியிலும் அதைப் பேசட்டும். தாங்கள் தின்னும் சர்க்கரை யார் கையால் வருகிறது என்று சொல்லட்டும். பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்வதைவிட அது கடினமான ஊழியம், அதனால்தான் செய்ய வேண்டும்.

பாளை ஜெபக்குழு

மைக்கேல்பட்டி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒன்றைச் செய்வதற்காக மற்றதை விட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கை தூக்கவைத்து எண்ணிக்கை எடுப்பது எனக்கும் பிடிக்காது.

கரீபியன் காற்று

பணத்தை அனுப்பிவிடலாமே என்று ஒஹாயோ அம்மா வீட்டுக்காரர் கேட்டதற்கு யாரும் நேரே பதில் சொல்லவில்லை. 1998இல் மிட்ச் புயல் ஹொண்டுராஸைச் சிதைத்தபோது வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் போய் வீடு கட்டின. சில வருடம் கழித்து கர்ட் வெர் பீக் என்ற கிறிஸ்தவ ஆய்வாளர் அந்த வீட்டுக்காரர்களையும் போனவர்களையும் விசாரித்தார். வெளிநாட்டார் கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும், உள்ளூர் அமைப்பு கட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செலவோ பல மடங்கு. போய்வந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியதும் பழையபடிதான். தொடர்பையோ கொடுப்பதையோ கூட்டவில்லை.

அதனால் அவர் கேள்வி நியாயமானது. ஆனால் நான் பார்த்தவரை, அனுப்பாத பையனின் பணம் அந்த ஊர்க் கோச்சுக்குப் போவதில்லை. அது வீட்டிலேயே நின்றுவிடும். பயணத்தையும் வைத்து, அதற்குள்ளேயே ஒரு பங்கைக் கட்டாயமாக அந்த ஊருக்கு ஒதுக்குவதுதான் நடைமுறையில் நடக்கும்.

ஒஹாயோ அம்மா

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். மகனே கோச்சிடம் போய்ப் பேசினான். நான் கூடப் போகவில்லை, அவன் வேண்டாம் என்றான்.

கோச் கோபப்படவில்லை. ரேடார் கன்னையும் ஸ்டாப்வாட்சையும் லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டார். படம் எடுக்கும் விதியை எழுத்தில் போட்டுவிட்டார்கள், பின்னணிச் சோதனை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஊரில் தினமும் பிள்ளைகளை ஆட வைக்கிற ஒருவர் இருக்கிறாராம். சபைக்காரர், பகலில் மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறார். இதுவரை அவருக்கு ஒரு டி-ஷர்ட்தான் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை காலை முகாமை அவரே நடத்துவார், பையன்கள் அவர் சொல்படி செய்வார்கள் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பையனும் திரட்டுவதில் பத்தில் ஒரு பங்கு அவர் நடத்தும் முகாமுக்கு, சபை வழியாக மாதாமாதம் போகும். பத்தில் ஒன்று, அதாவது தசமபாகம் என்பதால் எங்கள் சபையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

மைதானத்தில் பிரசங்கம் பற்றி முழுசாக ஒத்துப்போகவில்லை. முகாம் நேரத்தில் வேண்டாம், சாயங்காலம் சபையில் பெற்றோரோடு வருகிறவர்களுக்கு மட்டும் என்று மகன் கேட்டான். கோச் கடைசி நாள் மைதானத்தில் ஒரு சிறு சாட்சி இருக்கட்டும் என்கிறார். மகனைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. தெற்குவாசல் அண்ணா, உங்கள் எழுத்தை அவன் இரண்டாவது தடவையும் படித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்காரர் கடிதத்துக்கு உறை வாங்கிவந்துவிட்டார். கடிதத்தில் பத்தேய் பற்றியும் 2013 தீர்ப்பு பற்றியும் ஒரு பத்தி எழுதச் சொல்லி அவனிடம் அவர்தான் சொன்னார்.

தெற்குவாசல்

என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. கோச்சிடம் போய் நின்று கேட்ட உங்கள் பையன்மேல் மரியாதையும் இருக்கிறது. கடைசி நாளில் அவன் பேசுவதாக இருந்தால், ஆட்டம் முடிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிய பிறகு பேசட்டும். நிற்க விரும்புகிறவர்கள் நிற்கட்டும்.

நந்தனம் பழைய மாணவன்

அது நல்ல யோசனை. தங்கச்சி, இன்னொரு விஷயம். அந்த மோட்டார் சைக்கிள்காரரிடம் என்ன சாமான் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். எல்லாரும் பந்தும் பேட்டும் கொண்டுபோவார்கள். கேட்சருக்கான முகக்கவசமும் நெஞ்சுக் கவசமும் பிள்ளைகள் அளவில் யாருக்கும் நினைவுக்கு வராது. கவசம் இல்லாமல் பிளேட்டுக்குப் பின்னால் உட்காரும் பிள்ளை பல்லை இழக்கும். மகன் கேட்சர்தானே, அவனுக்கே தெரியும்.

கரீபியன் காற்று

இடது கையால் எறியும் பிள்ளைகளுக்கான கையுறை நாலைந்து சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே கிடைப்பது அரிது. ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். அங்கே பிள்ளைகளுக்குப் பரிசு கிடைக்கும் நாள் அதுதான், அப்பா அம்மா கடன்பட்டாவது ஏதாவது வாங்கித் தருவார்கள். அணி அதற்கு முந்தின நாள் போய் இறங்கிப் பெரிய பெரிய சாமானாகக் கொடுத்தால், பெற்றோர் வாங்கி வைத்தது பிள்ளை கண்ணுக்குச் சின்னதாகிவிடும். தேதி என்ன என்று பாருங்கள். முன்னால் என்றால் சாமானை அந்தக் கோச் கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். முகாமுக்கு அவர் எடுத்து வரட்டும்.

ஒஹாயோ அம்மா

9ஆம் தேதி கிளம்புகிறார்கள் அண்ணா. கவசம் எத்தனை, எந்த அளவு என்று இன்றைக்கே கேட்கச் சொல்கிறேன்.